சுருங்குசொல்லும் தொகைச்சொல்லும் (கெடா வழக்கு)

தொகைச்சொல்லில் இரு சொற்கள் முழு உருவோடு சேர்கின்றன; மறைவது அவற்றின் உறவைக் காட்டும் உருபு. சுருங்குசொல்லில் ஒலிகளே உதிர்கின்றன. ஆங்கிலத்தில் ரெயின்கோட் முன்னது, டோன்ட் பின்னது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கற்கும் மலேசியாவின் கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இவ்விரண்டையும் மும்மொழியிலும் சந்திக்கிறார்கள்.

கெடாவின் பழம்பெயரான கடாரம் தமிழில் தொகைக்குள் புகுந்தது சோழர் காலத்தில். 1025இல் நடந்த கடற்படையெடுப்புக்குப் பின் இராசேந்திர சோழன் கடாரங்கொண்டான் எனப்பட்டான். கடாரத்தைக் கொண்டவன் என்பது பொருள். 'ஐ' உருபு தொக்கது. மகரம் ஙகரமானது புணர்ச்சியால்தான். அதைச் சுருக்கம் என்று கொள்ளக் கூடாது. ஒலி தேய்ந்து வழங்கும் தஞ்சை (தஞ்சாவூர்) போன்றவற்றை நன்னூல் மரூஉ என்று தனியே பிரிக்கிறது.

கெடா சுல்தான் முகமது ஜிவா 1735இல் நிறுவிய அலோர் செத்தார் நகரின் பெயரில் தொகை, சுருக்கம் இரண்டும் உண்டு. ஓடையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லும் செத்தார் என்ற மரப்பெயரும் சேர்ந்த தொகை அது. ஆங்கிலேயர் எழுத்தில் ஓர் உயிரொலி விழுந்து 'ஸ்டார்' ஆனது. தமிழர் பேச்சில் இன்றும் அலோர் ஸ்டார்தான்.

1909 ஒப்பந்தத்தால் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தது. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அங்கே உழைத்த தமிழர் வழக்கில் அருமையான தொகைகள் வேரூன்றின. பால்மரம் என்றால் பாலைத் தரும் மரம். 'ஐ' உருபோடு 'தரும்' என்ற பயனும் மறைந்துள்ளது. பாலுக்காக மரத்தை வெட்டுவது பால்வெட்டு. வெட்டுக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொண்ட இடம் ஆயாக்கொட்டகை. பின்னாளில் ரப்பரின் இடத்தைப் பிடித்த செம்பனை பண்புத்தொகை. இலக்கணப் பாடத்துக்கு இவற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு கெடாப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. பாடநூல்களில் இவை இடம்பெற வேண்டும்.

ஆங்கிலத்தில் விடுபட்ட எழுத்தைக் காட்டும் மேற்குறி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது. கான்ட், டோன்ட், வோன்ட் முதலியவை 17ஆம் நூற்றாண்டில் எழுத்தில் பரவின. எதிர்மறைச் சொல் ஓயாமல் வாயில் புழங்குவது. அதனால் எளிதில் தேய்கிறது. மலாயில் 'தீடாக்' பேச்சில் 'தாக்' ஆகிறது. தமிழில் 'வரவில்லை' 'வரல' ஆகிறது. இந்த எதிர்மறைச் சுருக்கங்களில் மேற்குறி பெறுபவை ஆங்கிலச் சொற்கள் மட்டுமே. தொகைக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துமுறை கிடையாது: ரெயின்கோட் சேர்ந்திருக்கும், ரப்பர் எஸ்டேட் இடம்விட்டு நிற்கும். மாணவர்கள் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஒலி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

மலாயின் 'காக்கிதாங்ஙான்' காலும் கையும் சேர்ந்து பணியாளரைக் குறிக்கிறது. நம் இலக்கணப்படி இது உம்மைத்தொகையின் புறத்தே பிறந்த அன்மொழித்தொகை. ஆசிரியரை அழைக்கும் 'சிக்கு' என்பதில் 'எஞ்சிக்', 'குரு' இரண்டும் தேய்ந்தே சேர்ந்துள்ளன. அது கலப்பு வகை. சுங்கைப்பட்டாணியை ஊரார் எஸ்.பி. என்பது இவற்றுள் எதிலும் அடங்காது. அது முதலெழுத்துச் சுருக்கம்.