சீமைச் சோம்பும் சேலத்து மண்ணும்

சில ஆண்டுகளுக்கு முன், நாமக்கல்லை அடுத்த நம் வீட்டுக் கொல்லையில் சிறு பாத்தி ஒன்று கட்டினோம். பிரியாணிக்கு வாங்கிய ஷாஜீராவில் ஒரு பிடியை ஐப்பசி ஈரத்தில் தூவினோம். பக்கத்திலேயே கொத்தமல்லியும் விதைத்தோம். கொத்தமல்லி பத்து நாளில் முளைத்து, தையில் பூத்தது. ஷாஜீராப் பாத்தியிலோ, காரட் இலை போன்ற கீற்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. பங்குனி வெயிலில் அவையும் கருகின. குறை விதையிலா, மண்ணிலா? விடை தேடிப் புறப்பட்ட நாம், பெயர்களின் வரலாற்றில் போய் நின்றோம்.

அரபு மொழியில் சீரகம் 'கம்மூன்'. கருஞ்சீரகம் 'ஷூனீஸ்' அல்லது 'அல்ஹப்பத்துஸ் ஸவ்தா'. மற்றொரு மணவிதை 'கராவியா'. மூன்றுக்கும் மூன்று பெயர்கள், மயக்கத்திற்கு இடமில்லை. கராவியாவை இப்னு ஸீனா தம் 'கானூன்' நூலின் மருந்துப் பட்டியலில் சேர்த்தார். ஸ்பானிய மொழியில் 'அல்கராவேயா' என்றும், ஆங்கிலத்தில் 'காரவே' என்றும் வழங்குவது இந்த அரபுச் சொல்லே. ஐரோப்பியரின் ரொட்டிக்கும் கேக்குக்கும் மணமூட்டிய அவ்விதையை நம்மவர் 'சீமைச் சோம்பு' என்றனர். லெபனான், சிரியா நாடுகளில் குழந்தை பிறந்த வீட்டார் அரிசி மாவோடு கராவியாவைச் சேர்த்து 'முக்லி' காய்ச்சி வந்தவர்க்கெல்லாம் வழங்குவர்.

மயக்கம் தொடங்கியது இந்தியக் கடைவீதியிலேதான். வடநாட்டார் 'ஷாஜீரா', 'காலாஜீரா' என்று சீமைச் சோம்பையும் சொல்வர்; காஷ்மீரத்திலும் இமாசலத்தின் கின்னௌரிலும் விளையும் வேறொரு மலைச்செடியின் விதையையும் சொல்வர். அம்மலைச்செடி மண்ணுக்குள் கிழங்கு வைப்பது. விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். 'காலாஜீரா'வைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் 'கருஞ்சீரகம்' ஆகிவிடுகிறது. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துரைத்த கருஞ்சீரகமோ இவ்விரண்டுக்கும் உறவே இல்லாத வேறு குடும்பத்துச் செடி. ஒன்றை மருந்தென்று நம்பி மற்றொன்றை உண்பவர் இம்மயக்கத்தால் ஏமாறுகின்றனர். அல்பீரூனி தம் முதுமையிலும் அயராமல், ஒரே மருந்துக்கு அரபு, பாரசீகம், கிரேக்கம், ஸிரியாக், இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்களை 'கிதாபுஸ் ஸைதனா'வில் தொகுத்தது ஏன் என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

இனி மண்ணுக்கு வருவோம். சீமைச் சோம்பு பெரும்பாலும் இருபருவச் செடி. முதலாண்டில் இலையும் ஆணிவேரும் மட்டுமே விடும். பின்பு குளிர்காலத்தின் கடுங்குளிரைத் தாங்கிய பிறகே, மறு ஆண்டில் தண்டு நீட்டி, குடை விரித்தாற்போல் வெண்பூக்களைத் தாங்கும். எகிப்து போன்ற நாடுகளில் ஓராண்டு வகையும் உண்டு. அதற்கும் இதமான நீண்ட குளிர்ப்பருவம் வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் அக்குளிருக்கு எங்கே போவது? 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன், காப்பியையும் பேரிக்காயையும் ஆப்பிளையும் சேர்வராயன் மலைமீது ஏற்காட்டிற்குக் கொண்டு சென்றதன் காரணமும் இதுவே. குளிரை நாடும் செடியை அவர் மலைமேல் ஏற்றினார். நாமோ வெயிலில் நிறுத்தி வைத்தோம்.

அடுத்த ஐப்பசியில் அதே பாத்தியில் கருஞ்சீரகம் விதைத்தோம். அதற்குக் கடுங்குளிர் வேண்டுவதில்லை. நான்கைந்து மாதங்களில் முற்றிவிடும். வெளிர்நீலப் பூக்கள் உதிர்ந்து, காய்கள் உலர்ந்தபின் உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தோம். கரிய மணிகள் ஒரு பிடி தேறின. ஷாஜீராவை இப்போதும் கடையில்தான் வாங்குகிறோம். ஆனால் எந்த ஷாஜீரா என்று கேட்டே வாங்குகிறோம்.