துடுப்பு வலித்தோர்

உதுமானியப் பேரரசின் போர்களைப் படிக்கும் நம் இளைஞர்கள் சுல்தான்களின் பெயர்களோடு நின்றுவிடுகின்றனர். 1453ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று, இரண்டாம் மெகமது ஏறத்தாழ 70 கப்பல்களைக் கொழுப்புத் தடவிய மரக்கட்டைகளின்மேல் மேட்டுநிலங் கடந்து இழுப்பித்துத் தங்கக் கொம்புத் துறையில் இறக்கினார். மே 29இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது. இழுத்தோர் இன்னாரென நூல்கள் கூறவில்லை.

1538இல் பிரெவேசாவில் வென்ற கடற்படைத் தலைவர் பார்பரோசா, குயவர் ஒருவரின் மகன் என்பர். உயர்குடிப் பிறப்பினர் அல்லர் என்பதை நாம் விரும்பியே குறித்துக்கொள்ளலாம். ஆயினும் அவருடைய கப்பல்களை நகர்த்தியவை துடுப்புகளே. அக்காலத்துப் போர்க்கப்பல்களில் துடுப்பு வலித்தோருள் பலர் சங்கிலியிற் பிணிக்கப்பட்ட கைதிகள். 1571 அக்டோபர் 7ஆம் நாள் லெபாண்டோவில் உதுமானியக் கடற்படை சிதைந்தபோது, அக்கப்பல்களிலிருந்து விடுதலை பெற்ற கிறித்தவ அடிமைகள் மட்டுமே 12,000க்கு மேற்பட்டோர் எனக் கணக்கிடுவர். வென்ற அணியைச் சேர்ந்த ஸ்பெயினின் கப்பல்களிலோ முஸ்லிம் கைதிகள் பூட்டப்பட்டிருந்தனர். சங்கிலிக்கு மதபேதம் இல்லை போலும்!

அடுத்து வந்த குளிர்காலத்திற்குள் பேரரசு ஏறத்தாழ 150 புதிய கப்பல்களைக் கட்டியது. 1573இல் வெனிஸ் சைப்ரஸ் தீவை விட்டுக்கொடுத்தது. மரம் கிடைத்தது, பழகிய மாலுமிகளும் வில்லாளிகளும் அத்துணை விரைவிற் கிடைத்திலர்.