நாய் துயின்ற பொன்மாடம்

வறுமையின் எல்லையைச் சொல்ல வேண்டுமானால், ‘அடுப்பில் பூனை தூங்குகிறது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உலை ஏறாத வீட்டின் துயரம் முழுவதும் அந்த மூன்று சொற்களில் அடங்கிவிடுகிறது. ஆயினும் அதே காட்சியை அந்தப் பூனையின் பக்கத்தில் நின்று பார்ப்போமானால், நெருப்பெரிந்த நாட்களில் வெதுவெதுப்பைக் கண்டறிந்து பழகிய பிராணி, நெருப்பணைந்த பின்னும் மூன்று பக்கம் மண்சுவர் காக்க, மிருதுவான சாம்பலில் உடலைச் சுருட்டிக்கொண்டு, காற்றும் காலடியும் படாத ஓரிடத்தைத் தன் சயனமாகக் கொண்டிருக்கிறது என்பதையும், அதைக்காட்டிலும் பொருத்தமான ஒன்றை அந்த வீட்டில் எவரும் அதற்கு அமைத்துக் கொடுத்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிராணி தானே தேடிக்கொண்ட இடம் ஒன்று. மனிதன் அதற்கென்றே செய்து கொடுக்கும் படுக்கை மற்றொன்று. முன்னதற்குச் சரித்திரம் இல்லை, பின்னதற்கு உண்டு. அச்சரித்திரத்தை விரிவாகக் காண வேண்டுமானால் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் பிரான்ஸ் தேசத்துக்குப் போவதே உத்தமம். வாயிலைக் காக்கும் நாய்க்கு முற்றத்தில் வைக்கோலும், வேட்டைநாய்க் கூட்டத்துக்குக் கொட்டிலும், எலி பிடிக்கும் பூனைக்குக் களஞ்சியத்தின் மூலையும் என்று வேலையை வைத்தே இடம் வகுத்திருந்த ஒரு சமுதாயத்தில், எந்த வேலையும் செய்யாமல் மடியில் கிடப்பதையே தொழிலாகக் கொண்ட சிறு நாய் ஒன்று வந்து புகுந்தபோது, அதை எங்கே படுக்க வைப்பது என்ற கேள்வியும் உடன் பிறந்தது.

அந்தக் கேள்விக்கு முதலில் கிடைத்த விடைகள் விநோதமானவை. மூன்றாம் ஹென்றி மன்னரைக் காணச் சென்ற சல்லி பிரபு, இடையில் வாளும், கழுத்தில் அகன்ற நாடாவில் கோத்துத் தொங்கவிட்ட ஒரு கூடையும், கூடை நிறையக் குட்டி நாய்களுமாக அரசர் நின்றிருந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். உள்நாட்டுப் போரினால் ராஜ்யம் பிளவுண்டு கிடந்த 1580-களில் அரசன் மார்பில் கூடை தொங்கியது பிரஜைகளுக்கு நகைப்பாகவும் வெறுப்பாகவும் இருந்திருக்கக்கூடும். ஆனால் குளிரில் நடுங்கும் குட்டிக்கு மனித உடலின் சூட்டைவிட வேறென்ன வேண்டும்? அந்த ஒன்றை அக்கூடை சரியாகவே அறிந்திருந்தது என்பது நம் எண்ணம்.

குளிர் என்பதை நாம் இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தையும் பளிங்குப் படிகளையும் படங்களில் கண்டு வியப்பவர்கள், அந்த உயர்ந்த கூடங்களில் கணப்புச் சட்டத்தை விட்டு நாலடி தள்ளி நின்றால் மூச்சு உறையும் என்பதை நினைப்பதில்லை. பதினான்காம் லூயியின் தம்பி மனைவியாக ஜெர்மன் நாட்டிலிருந்து வந்து சேர்ந்த எலிசபெத் ஷார்லொத் சீமாட்டி, தம் உறவினருக்கு ஓயாமல் எழுதிய கடிதங்களில், 1695-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அரசரின் உணவு மேஜையிலேயே திராட்சை ரசமும் தண்ணீரும் உறைந்துபோனதைக் குறிப்பிடுகிறார். அந்த அம்மையார்தாம், இரவில் தம்மைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும் ஆறு சிறு நாய்கள் தரும் சூட்டை எந்தப் போர்வையும் தருவதில்லை என்றும் எழுதியவர். தாய்நாட்டை விட்டுப் பிரிந்து, அன்பற்ற கணவனோடு, சூழ்ச்சி நிறைந்த அரண்மனையில் அரை நூற்றாண்டு வாழ்ந்த அந்தப் பெண்மணிக்கு நாய்கள் போர்வையாக மட்டும் இருந்திருக்க முடியாது. அவர் விஷயத்தில் நாய்க்குப் படுக்கை எது என்று கேட்பதைவிட, யாருக்கு யார் படுக்கை என்று கேட்பதே பொருந்தும்.

அரசர் பதினான்காம் லூயிக்கும் நாய்கள் மீது பிரியம் மிகுதி. வேட்டைக்குச் செல்லும் பெண் நாய்களுக்குத் தம் கையாலேயே ரொட்டித் துண்டுகள் ஊட்டுவது அவர் வழக்கம். அவற்றில் பொன் (Bonne), நொன் (Nonne), பொன் (Ponne) என்று எதுகையாய்ப் பெயரிட்ட மூன்றை, தெபோர்த் என்ற சித்திரக்காரர் 1702-இல் தீட்டிய படம் இன்றும் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த பதினைந்தாம் லூயி, தம் அந்தரங்க அறைகளுள் ஒன்றைச் செல்ல நாய்கள் துயில்வதற்கென்றே ஒதுக்கினார். ‘நாய்களின் முன்கூடம்’ என்ற பெயர் இன்றும் அந்த அறைக்கு வழங்குகிறது. அரசன் சந்நிதியை ஒரு கணம் அடைவதற்காகக் கனவான்கள் ஆண்டுக்கணக்காக வாயில்களில் காத்துக் கிடந்த அந்த மாளிகையில், கதவு திறந்ததும் அரசன் காலடியில் போய் நிற்கும் பாக்கியம் நாய்களுக்கே கிடைத்திருந்தது.

அதே அரசரிடம் ஒரு பூனையும் இருந்தது. வெள்ளை வெளேரென்று நீண்ட ரோமத்தோடு கூடிய அங்கோரா ஜாதிப் பூனை. தூதர்களை அரசர் முன் அழைத்துச் செல்லும் பதவியில் இருந்த துஃபோர் த ஷெவெர்னி என்பவர் விட்டுச் சென்ற நினைவுக் குறிப்புகளின்படி, அந்தப் பூனை அரசரின் அறையில் கணப்பு மேடையின் மீது, செந்நிற டமாஸ்க் பட்டுத் திண்டில் படுத்திருக்குமாம். இதைப் படித்தபோது எமக்கு நம் ஊர் அடுப்புப் பூனையின் ஞாபகம் வந்தது. திண்டு செந்நிறப் பட்டாக இருந்ததும், மேடை சலவைக்கல்லாக இருந்ததும் அரசனின் தேர்வு. நெருப்புக்கு மேலே, கல் சூடேறும் இடத்தைப் பிடித்தது பூனையின் தேர்வு. முதலில் பூனை மேடையில் ஏறிப் படுத்திருக்கும், பிறகே யாரோ ஓர் ஊழியன் அதன் அடியில் திண்டைச் செருகியிருப்பான் என்று எண்ணுவதே, பூனையோடு பழகிய எவருக்கும் இயல்பாகத் தோன்றும்.

ஆனால் அந்தத் தேசத்தில் எல்லாப் பூனைகளும் திண்டில் படுத்தவை அல்ல. பாரிஸ் நகரத்துக் கிரேவ் சதுக்கத்தில் அர்ச். அருளப்பர் திருநாளன்று மூட்டிய பெருந்தீயில் பூனைகளைப் போட்டு எரிப்பது பழைய வழக்கம். பதினான்காம் லூயி சிறுவனாயிருந்தபோது, 1648-இல், அந்தத் தீக்கு முன் நடனமாடியிருக்கிறார். அவருடைய கொள்ளுப்பேரனான பதினைந்தாம் லூயி பட்டுத் திண்டில் பூனையைக் கிடத்திக் கொஞ்சிய காலத்திலும், பாரிஸின் சந்துகளில் பூனைக்கு நேர்ந்த கதி பெரிதும் மாறிவிடவில்லை.

அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1730-களின் இறுதியில் ரூ சேன் செவரேன் என்ற தெருவில் இருந்த ஓர் அச்சுக்கூடத்தில் நடந்ததை, அங்கே பயிற்சித் தொழிலாளியாயிருந்த நிக்கொலா கொந்தா பிற்காலத்தில் எழுதி வைத்தார். அச்சுக்கூட எஜமானர்களுக்குள் அப்போது பூனை மோகம் தலைக்கேறியிருந்தது. ஒருவர் 25 பூனைகள் வளர்த்து, அவற்றைச் சித்திரம் எழுதுவித்து, பொரித்த கோழி கொடுத்துப் போஷித்தாராம். பயிற்சிப் பையன்களோ அழுக்கடைந்த, குளிரில் விறைக்கும் ஓர் அறையில் படுத்து, விடியுமுன் எழுந்து, வசவும் அடியும் வாங்கி, சமையற்காரி பூனைக்கென்று கழித்த அழுகல் இறைச்சியைத் தங்கள் உணவாகப் பெற்றார்கள். அந்த இறைச்சியைப் பூனைகளே தொடவில்லை. இரவெல்லாம் கூரைமீது பூனைகள் கத்தியதால் இருந்த சிறிது தூக்கமும் கெட்டது. கடைசியில் பையன்களில் ஒருவன் எஜமானரின் படுக்கையறைக்கு மேலே கூரையில் ஏறிப் பல இரவுகள் பூனைபோலக் கத்தி அவர் உறக்கத்தையும் கெடுத்தான். பூனைகளை ஒழித்துவிடும்படி அவர் உத்தரவிட்டார். எஜமானியம்மாளோ தன் செல்லச் சாம்பல்நிறப் பூனையை மட்டும் ஒன்றும் செய்யக் கூடாதென்று எச்சரித்தாள். தொழிலாளிகள் முதன் முதலாகத் தேடிக் கொன்றது அந்தப் பூனையைத்தான்.

இந்தக் கொலையை எம்மால் மன்னிக்க இயலவில்லை. குற்றமற்ற ஜீவன்கள் எஜமானருக்குரிய தண்டனையை ஏற்று மாண்டன. ஆயினும் ஒரு வீட்டில் பூனையின் சயனம் பையனின் சயனத்தைவிட மிருதுவாக இருந்தது என்ற ஒரே காரணம், இத்தனை வன்மத்தை மூட்டப் போதுமானதாயிருந்தது என்பதைப் பார்க்கும்போது, பிராணிக்குப் படுக்கை அமைப்பதென்பது அந்த வீட்டில் யார் யார் எங்கே படுக்கிறார்கள் என்ற கணக்கிலிருந்து பிரிக்கக்கூடிய விஷயம் அல்ல என்று தெரிகிறது. பூனையைப் பட்டில் கிடத்திய அந்த அம்மாள், மாடிப்படிக்கு அப்பால் ஒரு கம்பளியை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தால், அவளுடைய சாம்பல்நிறப் பூனை முதுமையடைந்து தானாகவே இறந்திருக்கக்கூடும்.

பாரிஸ் தச்சர்கள் நாய்க்கென்று செய்த தனிப் பண்டமொன்று இந்த அச்சுக்கூடச் சம்பவத்துக்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிந்தியது. பிரெஞ்சு மொழியில் ‘நீஷ்’ என்ற சொல், சுவரில் விக்கிரகம் வைக்கும் குழிவுக்கும் நாயின் வீட்டுக்கும் பொதுவானது. விளக்கு வைப்பதும் மாடம், புறா வாழ்வதும் மாடம் என்று வழங்கும் நமக்கு அந்தச் சொல் அந்நியமாகத் தோன்றாது. நாய் மாடம் என்றே சொல்லிவிடலாம். அவ்விதமான மாடமொன்று இன்று நியூயார்க் மெட்ரொபாலிடன் காட்சிசாலையில் இருக்கிறது. 1743-இல் ஆசான் பட்டம் பெற்ற குளோத் ஸெனே என்ற நாற்காலித் தச்சர் 1775-க்கும் 1780-க்கும் இடையில் செய்தது. சுமார் இரண்டரை அடி உயரம். பீச் மரமும் பைன் மரமும் கொண்டு கடைந்து, பொன் பூசி, வெல்வெட்டும் பட்டும் போர்த்தியது. மரி அந்துவானெத் அரசியின் பெயரோடு அதைச் சேர்த்துப் பேசுவதுண்டு. ஸெனேயின் மகன் ஜான் பப்திஸ்த் அந்த அரசிக்கு ஸேன் குளூ மாளிகைக்கு நாற்காலிகள் செய்து கொடுத்தவர் என்பது மட்டும் திண்ணம்.

இத்தகைய ஒரு மாடம் ஒரு கையால் ஆவதன்று. பாரிஸ் கைத்தொழிற் சங்கங்களின் விதிப்படி, மரத்தை அறுத்துப் பொருத்துகிறவர் தச்சர். பூவேலை செதுக்குகிறவர் வேறொருவர். பொன் பூசுகிறவர் மூன்றாமவர். திண்டும் துணியும் தைப்பவர் நான்காமவர். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்கக் கூடாது. பொன் பூசுகிறவர் தோல்வச்சிரத்தில் குழைத்த சுண்ணக்கட்டியைப் படலம் படலமாகத் தடவி, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கி, செம்மண் பூசி, மூச்சுப் பட்டால் பறக்கும் தங்க ரேக்கை அதன்மேல் ஒட்டி, அகேட் கல்லால் மெருகேற்ற வேண்டும். அரசி அமரும் நாற்காலிக்கு எத்தனை பக்குவமோ அத்தனையும் நாய் படுக்கும் மாடத்துக்கும் உண்டு. ஆசானுடைய பெயர் முத்திரை நாற்காலிச் சட்டத்தில் குத்துவது போலவே இதிலும் குத்தப்பட்டிருக்கிறது.

பொன்னையும் பட்டையும் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது ஆடம்பரத்தின் உச்சமாகத் தோன்றும், அது பொய்யன்று. ஆனால் அந்த மாடத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். தலைக்குமேல் மூடியிருக்கிறது, மூன்று பக்கமும் அடைத்திருக்கிறது, ஒரு பக்கத்தில் மட்டும் உடல் நுழையும் அளவுக்கு வாயில். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, முகத்தை வாயிலை நோக்கி வைத்து, வருவோர் போவோரைப் பார்த்தபடி கண்ணயர்வதே சிறு நாயின் சுபாவம். கதவிடுக்குகளில் குளிர்காற்று வீசும் மாளிகையில் அந்தக் குழிவுக்குள் அதன் உடற்சூடே சேர்ந்து நின்று அதற்குப் போர்வையாகும். தரைக் குளிர் படாதபடி அடியில் திண்டும் உண்டு. அழகை விரும்பியவள் சீமாட்டி. அந்த அழகுக்குள் நாயின் சுகத்தை நுழைத்தவர் தச்சர். பொன்னைச் சுரண்டிவிட்டாலும் அது நல்ல படுக்கையாகவே இருக்கும். இன்று செல்லப் பிராணிக்கு மெத்தை வாங்குகிறவர்கள், பார்வைக்கு அழகான ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நாய் அதை விட்டு மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வதைக் கண்டு வருந்துகிறார்கள். மேஜைக்கடியில் இருப்பது ஸெனே அறிந்திருந்த அந்த மாடமே.

1789-க்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். அரச குடும்பம் வெர்சாயை விட்டு அகன்றது. 1791-இல் கைத்தொழிற் சங்கங்கள் கலைக்கப்பட்டன. 1793 ஆகஸ்டு தொடங்கி ஓராண்டு காலம் அரண்மனைச் சாமான்கள் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளாக ஏலம் போயின. பொன்மாடத்தின் காலம் முடிந்தது. பிரம்புக் கூடையும் கம்பளித் துண்டும் நடுத்தரக் குடும்பங்களில் அதன் இடத்தைப் பிடித்தன.

ஆனால் பழைய கேள்வி போகவில்லை. 1855-இல் பிரெஞ்சு அரசாங்கம் நாய்களுக்கு வரி விதித்தபோது, குறைந்தது ஒரு பிராங்க், மிகுந்தது பத்து பிராங்க் என்று எல்லை வகுத்து, மந்தையையும் வீட்டையும் காக்கும் நாய், குருடருக்கு வழி காட்டும் நாய் ஆகியவற்றைக் கீழ் வரியிலும், வேட்டை நாயையும் வெறும் இன்பத்துக்காக வளர்க்கும் நாயையும் மேல் வரியிலும் வைத்தது. மடியில் படுக்கும் நாய் எந்தப் பிரயோஜனமும் இல்லாதது என்பதைச் சட்டமே எழுதிவிட்டது. தனியாக வாழும் ஒரு கிழவிக்கு மாலை வேளையில் கூடைக்குள்ளிருந்து கேட்கும் பெருமூச்சு எவ்வளவு பெரிய பிரயோஜனம் என்று கணக்கிட வரி வசூலிப்பவரிடம் பத்தி எதுவும் இல்லை.

அத்தகையவர்கள்தாம் 1899-இல் பாரிஸுக்கு அடுத்த ஆனியேரில், ஸேன் நதிக்கரையில், மார்கரீத் துரான் என்ற பெண்மணியும் ஜார்ஜ் அர்மோவா என்ற வக்கீலும் சேர்ந்து பிராணிகளுக்கென மயானம் ஒன்று நிறுவியபோது அதை நாடி வந்தவர்கள். இறந்த நாயை நதியில் எறிந்து வந்த ஊரில், பெயர் பொறித்த கல்லின் கீழ் அதைக் கிடத்தினார்கள். பல கல்லறைகள் மாடம் போன்றே அமைந்திருக்கின்றன. சிலவற்றில் நாயின் கழுத்துப் பட்டையும் பந்தும் வைத்திருக்கிறார்கள். அந்த மயானத்துக்குள், யாருக்கும் சொந்தமில்லாத பூனைகளுக்கு உணவிட்டு ஒதுக்கிடம் தரும் ஒரு சிறு வீடும் இருக்கிறது. வெயில் அடிக்கும் நாட்களில் அந்தப் பூனைகள் வெளியே வந்து, சூடேறிய கல்லறைப் பலகைகளின் மீது படுத்துக்கொள்கின்றன.