தானியங்கிப் பேச்சறிதல் ஆய்வு

மனிதர் பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கும் கருவியைத் தேடும் ஆய்வுத்துறை தானியங்கிப் பேச்சறிதல். மின்பொறியாளர், மொழியியலாளர், புள்ளியியலாளர், கணினியாளர் எனப் பலரும் மாறி மாறி உரிமை கொண்டாடிய துறை இது. இதன் கதையைக் கருவிகளின் வரிசையாகச் சொல்வது வழக்கம். ஆனால் கருவிகளைவிட இத்துறையை அதிகம் மாற்றியது, தப்பை எண்ணுவதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு கணக்கு.

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேவிஸ், பிடல்ஃப், பாலஷெக் ஆகிய மூவர் ‘ஆட்ரி’யை உருவாக்கினார்கள். பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான எண்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னால் அது கண்டுகொள்ளும். பழகிய குரலென்றால் நூற்றுக்கு 97க்குக் குறையாமல் சரியாக இருக்கும். ஆள் மாறினால் கருவியை அவர் குரலுக்கேற்ப மறுபடி சரிசெய்ய வேண்டும். 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐபிஎம் காட்டிய ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்கள் வரை வந்தது.

அடி விழுந்தது வீட்டுக்குள்ளிருந்தே. ‘டிரான்சிஸ்டர்’ என்ற பெயரை உலகுக்குத் தந்தவரும் பெல் ஆய்வகத்தின் உயர் அதிகாரியுமான ஜான் பியர்ஸ், 1969இல் அமெரிக்க ஒலியியல் சங்க இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்ணீரைப் பெட்ரோலாக்குவது, கடலிலிருந்து தங்கம் எடுப்பது, நிலவுக்குப் போவது போன்ற திட்டங்களுக்கு இருக்கும் கவர்ச்சிதான் பேச்சறிதலுக்கும் இருக்கிறது என்பது அவர் கேலி. (நிலவில் மனிதன் கால் வைத்ததும் அதே ஆண்டுதான்.) ஆனால் கேலிக்கு அடியில் ஒரு நியாயமான கேள்வி இருந்தது: ஆளுக்கொரு கருவியைச் செய்து, ஆளுக்கொரு சோதனையில் தாமே மார்க் போட்டுக்கொண்டால் அது எப்படி அறிவியலாகும்? பெல் ஆய்வகத்தில் அந்த ஆய்வு சில ஆண்டுகள் நின்றுபோனது.

வேறிடங்களில் அது நிற்கவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை 1971இல் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆயிரம் சொல்லைப் புரிந்துகொள்ளும் கருவி வேண்டும் என்பது இலக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தலைமை தாங்கியவர் ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றவர். 1994இல் டூரிங் விருது பெற்றார். அவர் குழுவின் ‘ஹியர்சே’ வாயால் சொல்லும் சதுரங்க நகர்வுகளைப் புரிந்துகொண்டது. 1976இல் முடிந்த ‘ஹார்ப்பி’ 1,011 சொற்களைப் புரிந்துகொண்டது. திட்டம் ஐந்தாண்டோடு முடிந்துவிட்டது.

இதற்கிடையே ஐபிஎம்மில் ஃபிரெட் ஜெலினெக்கின் குழு வேறு வழியில் போனது. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த ஜெலினெக், இலக்கணம் சொல்லித்தருவதை விட்டுவிட்டு, எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதை நிகழ்தகவாகக் கணக்கிட்டார். ‘மறை மார்க்கோவ் மாதிரி’ என்ற அந்தக் கணிதத்தை ஜேம்ஸ் பேக்கர் கார்னகி மெலனில் தனியாகக் கையாண்டுகொண்டிருந்தார். வேகத் தட்டச்சில் உலகப் புகழ் பெற்ற ஆல்பர்ட் டாங்கோராவின் பெயரைத் தாங்கிய ஐபிஎம் கருவி, 1980களின் நடுவில் 20,000 சொற்களை எட்டியது. மொழியியலாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் கருவி முன்னேறுகிறது என்று ஜெலினெக் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சொன்ன வாசகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பியர்ஸின் கேள்விக்கு விடை 1980களின் நடுவில் வந்தது. அதே பாதுகாப்பு முகமையில் சார்லஸ் வெய்ன் ஓர் ஏற்பாடு செய்தார்: எல்லோருக்கும் ஒரே ஒலிப்பதிவு, ஒரே சோதனை, மதிப்பெண் போடுவது மூன்றாம் ஆள். சொற்பிழை விகிதம் அளவுகோலாயிற்று. தவறாகக் கேட்ட சொல், விட்ட சொல், இல்லாததைச் சேர்த்த சொல் மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களால் வகுப்பார்கள். இல்லாததை நிறையச் சேர்க்கும் கருவி நூறு விழுக்காட்டைத் தாண்டியும் தோற்கலாம்! அந்தக் காலத்துப் பொதுத் தொகுப்பு ‘டிமிட்’: 630 பேர், ஆளுக்குப் பத்து வாக்கியம். அந்த 630 பேரில் ஆண்கள் 438.

டொராண்டோவில் ஜெஃப்ரி ஹின்டனின் மாணவர்கள் 2009 வாக்கில் ஆழ் நரம்பணு வலைகளை முதலில் சோதித்ததும் இதே டிமிட்டில்தான். 2012இல் டொராண்டோ, மைக்ரோசாஃப்ட், கூகுள், ஐபிஎம் ஆகிய நான்கு குழுக்கள் சேர்ந்து ஒரே கட்டுரை எழுதின. ஒலியைக் கணிப்பதில் அந்த வலைகள் பழைய முறையை முந்திவிட்டதை அது காட்டியது.

2016இல் தொலைபேசி உரையாடல் சோதனையில் 5.9 விழுக்காடு பிழை, மனிதருக்குச் சமம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஐபிஎம் 5.5ஐ எட்டியது, ஆனால் மனிதரின் பிழை 5.1 என்று தங்கள் அளவீட்டில் கண்டதால் ‘சமம்’ என்று சொல்லவில்லை. மனிதக் காதின் பிழை எவ்வளவு என்பதே விவாதமாகிவிட்டது. 2020இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு கணக்கை வேறு பக்கம் திருப்பியது. ஐந்து பெருநிறுவனங்களின் கருவிகளைச் சோதித்ததில் வெள்ளை அமெரிக்கர் பேச்சுக்குச் சராசரிப் பிழை 19 விழுக்காடு, கறுப்பின அமெரிக்கர் பேச்சுக்கு 35.

தமிழ் இந்தக் கணக்குக்குள் பிந்தித்தான் வந்தது. தொலைபேசிப் பேச்சில் குறிப்பிட்ட சொற்களைத் தேடுவதற்காக அமெரிக்க உளவுத்துறையின் ஆய்வு முகமை நடத்திய ‘பேபல்’ திட்டத்தின் மொழிகளில் தமிழும் ஒன்று. 2018இல் ஐதராபாத்தில் நடந்த இன்டர்ஸ்பீச் மாநாட்டையொட்டி, தமிழ், தெலுங்கு, குஜராத்தி மூன்றுக்கும் பயிற்சிக்கு மொழிக்கு 40 மணி நேர ஒலிப்பதிவோடு ஒரு போட்டி நடந்தது. ஆங்கிலத்துக்குப் பிறந்த அளவுகோல் தமிழிடம் வந்ததும் தடுமாறுகிறது. ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதைக் கருவி ‘வந்து கொண்டிருந்தான்’ என்று பிரித்து எழுதினால் அது இரண்டு பிழை: மாறிய சொல் ஒன்று, கூடுதல் சொல் ஒன்று. அதனால் தமிழ் ஆய்வாளர்கள் சொற்களுக்குப் பதில் எழுத்துகளை எண்ணும் எழுத்துப் பிழை விகிதத்தையும் பக்கத்தில் சேர்த்துக் காட்டுகிறார்கள். அதுவும் எல்லாவற்றுக்கும் கைகொடுப்பதில்லை. பேசியவர் ‘போயிட்டாரு’ என்கிறார், எழுதி வைத்தவர் ‘போய்விட்டார்’ என்று திருத்திவிடுகிறார். காதில் விழுந்ததை அப்படியே எழுதும் கருவிக்கு மதிப்பெண் குறைகிறது.