அண்ணலுக்குக் கிடைத்த பரிந்துரை

மேல்நாட்டுத் தொழிற்கல்விக்கு விண்ணப்பிக்கும் நம் இளைஞர்கள், "பரிந்துரைக்க உயர்பதவியில் நமக்கு யார் உளர்?" என மனம் தளர்கின்றனர். அவர்கட்கு அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை நினைவூட்ட விழைகிறோம்.

பம்பாய்ப் பூங்காவில் அண்ணல் படித்திருக்கக் கண்ட ஆசிரியர் கெலுஸ்கர், பரோடா மன்னரிடம் அவருக்காக எடுத்துரைத்தார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல், பேராசிரியர் செலிக்மனிடம் பயின்றார். லண்டன் பொருளாதாரப் பள்ளிப் பேராசிரியர் ஃபாக்ஸ்வெல்லுக்கு அண்ணலைப் பரிந்துரைத்து எழுதியவர் செலிக்மனே. 1925இல் வெளிவந்த அண்ணலின் மாகாண நிதி குறித்த நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே.

இருவரும் அண்ணலின் உழைப்பைக் கண்ணாரக் கண்டவர்கள். அவர்தம் சொல்லின் வலிமை அதுவே. இளைஞர்களே! உங்களை அறியாத பெரியோரின் புகழுரையைவிட, உங்கள் ஏட்டைத் திருத்திய ஆசிரியரின் நான்கு வரிகள் மேலானவை. அவரை உரிய காலத்தில் அணுகுவீர்களாக!