கிடை போட்ட காலம்



தூத்துக்குடி வரலாறுன்னா முத்து, உப்பு, துறைமுகம்னுதான் எழுதுவாங்க. கடற்கரையை விட்டு உள்ளே வந்தால், விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசக்காட்டில் எங்களுக்கு ஆட்டுக்கிடைதான் வரலாறு. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டு போட்ட வேம்பூர் ஆடு நம்ம மாவட்டத்து இனம்தானே.

தை, மாசியில் அறுவடை முடிஞ்சு காடு வெறுமையானதும் கிடை கிளம்பும். பல வீட்டு ஆடுகளை ஒண்ணா ஓட்டிப் போவார்கள். பகலில் மேய்ச்சல், ராத்திரி ஒருத்தர் நிலத்தில் அடைப்பு. மறுநாள் அடைப்பைத் தள்ளிப் போடணும். அப்பதான் நிலம் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் விழும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்னு சும்மாவா சொன்னாங்க? கூலி முன்னே தானியம், பிறகு ரூபாய். கோடையில் புல் காய்ஞ்சா தொரட்டியால் கருவேல நெத்தை உலுக்கிப் போடணும். புரட்டாசியில் விதைப்பு தொடங்கினால் தரிசு, ஓடைக்கரைன்னு ஒதுங்கணும்.

இவ்வளவு காலம் நடந்த தொழிலுக்கு அடையாளம் எங்கே? தெலங்கானா, கர்நாடகப் பக்கம் நாலாயிரம் வருஷத்துக்கு முந்திய சாம்பல் மேடுகள் இருக்கின்றன. மாட்டுப்பட்டியில் சேர்ந்த சாணத்தை எரிச்சு எரிச்சு உண்டான மேடு. 1957-ல் ஆல்சின் என்பவர் உட்னூரில் தோண்டினபோது சாம்பலுக்குள் மாட்டுக் குளம்புத் தடம்கூட இருந்ததாம்! நம்ம ஊரில் எருவை எரிக்கலை, மண்ணே தின்னுட்டுது. அதனால் மேடு இல்லை. பேரில் மட்டும் இருக்கு: எத்தனை ஊர் 'பட்டி'ன்னு முடியுது பாருங்க, பட்டின்னா ஆடுமாடு அடைக்கிற இடம்.

இன்னொரு அடையாளம் எங்க வீட்டிலேயே இருந்தது. மாமா கிடையோட போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். சின்னக் குட்டிகளையும் பிள்ளைகளையும் அத்தைதான் பார்த்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாது. யார் நிலத்தில் எத்தனை ராத்திரி என்று ஆள் வந்து சொல்லச் சொல்ல, அடுப்படி மண்சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பாங்க. கூலி குறைஞ்சா அந்தக் கோட்டைக் காட்டித்தான் சண்டை போடுவாங்களாம்.

குழுக்கடன் வாங்கி வீட்டைக் கட்டினப்ப அந்தச் சுவரை இடிக்கச் சொன்னது நான்தான். ஒரு போட்டோகூட எடுக்கலை. அத்தை அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை, இடிச்ச மண்ணைக் கூடையில் அள்ளி முருங்கை மூட்டில் கொட்டினாங்க.