கழுத்தில் தொங்கிய தகரச் சீட்டு

சின்னஞ்சிறு தகரத் துண்டு. அதில் இரண்டு எண்கள். ஒன்று இலங்கையில் உள்ள ஒரு தோட்டத்தின் பதிவு எண். மற்றது அங்கே வேலைக்குப் போகும் ஆளின் வரிசை எண். பெயரும் ஊரும் அதில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கடல் தாண்டிய தோட்டத் தொழிலாளர்கள் இதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அதுதான் பயணச்சீட்டு, அடையாளச் சான்று எல்லாம்.

அதற்கு முந்தைய காப்பித் தோட்டக் காலத்தில் இந்தச் சீட்டும் கிடையாது. ஆள் சேர்த்து அழைத்துப்போகும் கங்காணியின் பின்னால் ராமேசுவரம்வரை நடந்து, தோணியேறி, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்குப் போக வேண்டும். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்களிலும் சிலர் முன்பணம் கொடுத்த கங்காணியை விட்டு வேறொருவரோடு போய்விடுவார்கள். ஆள் இன்ன தோட்டத்துக்குரியவர் என்று உறுதிசெய்யவும், வழிச்செலவை அந்தத் தோட்டத்தின் பேரில் எழுதவும் 1901-ஐ ஒட்டி இலங்கை அரசு தகரச் சீட்டைக் கொண்டுவந்தது.

1904-இல் இலங்கைத் தோட்டத்துரைமார்கள் ஆள் சேர்ப்பதற்கென்று ஓர் ஆணையத்தை அமைத்தார்கள். தலைமையகத்துக்கு அவர்கள் தேர்ந்த ஊர் திருச்சிராப்பள்ளி. ரயில் பாதைகள் கூடும் இடம். ஆள் கிடைக்கும் வறண்ட கிராமங்களும் பக்கம். தோட்டத்திலிருந்து சீட்டுகளோடு வரும் கங்காணி முசிறி, துறையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தன் சொந்தபந்தங்களையும் ஊர்க்காரர்களையும் திரட்டுவார். பழைய கடனை அடைக்க முன்பணம் கொடுப்பார். பிறகு ரயில்.

முதலில் அந்தப் பயணம் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாம் வழியாக நடந்தது. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் முகாம் அந்த இடத்தைப் பிடித்தது. முகாமில் நாள்கணக்கில் அடைத்துவைத்து நோய் பார்ப்பார்கள். அதிகாரி சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்துப் பேரேட்டில் பதிவார். சாப்பாடு, ரயில், கப்பல் எல்லாச் செலவும் அந்த எண்ணின் பேரில் ஏறும். தோட்டம் அதைக் கங்காணி கணக்கில் எழுதும். கங்காணி தொழிலாளியின் கணக்கில் எழுதுவார். தோட்டத்து வரிசைவீடான லயத்தில் கால்வைக்கும் முன்பே ஆள் கடனாளி.

தோட்டம் மாற நினைத்தால் இன்னொரு தாள் வேண்டும். அதைத் துண்டு என்பார்கள். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. வேறொரு தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. 1922-இன் இந்தியக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின், போக்குவரத்துச் செலவைத் தொழிலாளி மீது கடனாக ஏற்றுவதும் நின்றது. 1939 ஆகஸ்டில் தோட்ட வேலைக்கு ஆள் போவதையே இந்திய அரசு தடைசெய்தது. தகரச் சீட்டின் காலம் அதோடு முடிந்தது.

சீட்டு போனாலும் அது உண்டாக்கிய குறை போகவில்லை. ஒரே பேரரசு, ஒரே சந்தை. எனவே அக்கரைக்குப் போக யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. அதே காரணத்தால், போனவர்களுக்கு அங்கே என்ன உரிமை என்று எந்தத் தாளிலும் எழுதிவைக்கவுமில்லை. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டபோது இந்தத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரிடம் காட்ட எதுவும் இல்லை. பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையுமாக, பாட்டன் போன அதே மண்டபம் வழியாகப் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

அந்த உரிமையை முன்கூட்டியே எழுதிவைத்தவர்களும் உண்டு. ஐரோப்பாவில் 1957-இன் ரோம் ஒப்பந்தம் பொதுச்சந்தையை அமைத்தபோது, சரக்கு நகர்வதோடு தொழிலாளி நகர்வதையும் உரிமையாக எழுதிவைத்தது. நம் இரு கரைகளுக்கும் இடையில் 1998-இல் கையெழுத்தான தடையற்ற வணிக ஒப்பந்தம் சரக்கைப் பற்றியே பேசியது.

திருச்சி விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டு அகதி முகாம் இருக்கிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களில் மலையகத் தமிழர்களும் உண்டு. கொட்டப்பட்டிலும் மண்டபத்திலும் உள்ள அத்தகையோர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் சொன்னது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் இந்தியரே என்ற சட்டத்தைக் காட்டி, முகாமில் பிறந்த ஒருவர் நீதிமன்றம் மூலம் பாஸ்போர்ட் பெற்று 2024 தேர்தலில் வாக்களித்தார்.

தேதிக்கு ஓரிரு ஆண்டு பிந்திப் பிறந்தவருக்கும் இலங்கையில் பிறந்து முகாமுக்கு வந்தவருக்கும் அந்த வழி இல்லை. அவர்களுடைய முன்னோரைக் கடல் தாண்ட அனுப்பிய அலுவலகம் இதே திருச்சியில்தான் இருந்தது. உழைப்பு வேண்டும் என்று ஓர் ஆளை எல்லை தாண்டச் செய்யும் எந்தத் தாளும், போகிற மண்ணில் அவருக்கு உள்ள உரிமையையும் திரும்பி வந்தால் அவருக்கு இங்கே உள்ள இடத்தையும் சொல்ல வேண்டும். தகரச் சீட்டு சொல்லாமல் விட்டதை இந்திய அரசு குடியுரிமைச் சான்றாக எழுதிக் கொடுக்கட்டும்.